தந்தை விட்டுச்சென்ற பங்கு

ஆண்டுப் பேரவைக் கூட்டம் கூடியதும் நம் சங்கங்களில் முதலில் நடைபெறுவது இரங்கல் தீர்மானம். அவ்வாண்டில் காலமான அங்கத்தினர்களின் பெயர்களைச் செயலாளர் வாசிப்பார். கூடியிருப்போர் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பர். பிறகு அனைவரும் அமர, வரவு செலவு அறிக்கை தொடங்கிவிடும். சில வாரங்கள் சென்றபின், காலமானவரின் மனைவியோ மகனோ மகளோ இறப்புச் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வருவார். நியமனப் பதிவேட்டில் பெயர் எழுதப்பட்டிருந்தால் பங்குத்தொகையும் சேமிப்புத் தொகையும் சிக்கலின்றி அவரைச் சேரும். கடன் பாக்கி இருந்தால் அதுவும் அவ்வேளையில் பேச்சுக்கு வரும். அத்துடன் அந்த அங்கத்தினரின் கணக்கு முடிந்துவிட்டதாக நாம் எண்ணுகிறோம்.

உண்மையில் முடிவதில்லை. பதிவேட்டில் ஏறாத பங்கு ஒன்று எஞ்சியிருக்கிறது. வாங்கிய நூலை எப்படிக் காத்தார், சொன்ன தவணையில் எப்படிக் கட்டினார், பொதுப் பொருளை எந்தக் கண்ணால் பார்த்தார் என்பவற்றைப் பிள்ளைகள் பல ஆண்டுகள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். அதுவே அவர்களுக்குத் தந்தை விட்டுச்சென்ற பெரும்பங்கு. அதை மாற்றித் தர எந்த விண்ணப்பப் படிவமும் இல்லை. அதை ஏற்பதும் விடுவதும் பிள்ளைகளின் விருப்பம்.

இதனை விளங்கிக்கொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் சேலம், நாமக்கல் சமவெளியிலேயே பலரும் அறிந்த ஒரு தந்தையின் வரலாறு இருக்கிறது.

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் 1878 டிசம்பர் 10-இல் தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். ஓசூருக்கு அருகிலுள்ள அவ்வூர் அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. அவருடைய தந்தை வெங்கடார்யா ஐயங்கார் அவ்வூர் முன்சீப். கிராம முன்சீபின் மகன் கிராம முன்சீபாக வருவது அக்காலத்தில் இயல்பான காரியம். ஆயினும் அத்தந்தை மகனை அவ்வழியில் கட்டிவைக்கவில்லை. ஓசூரிலும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும், சென்னையிலும் படிக்க அனுப்பினார். சட்டம் பயின்ற மகன் சேலத்துக்கு வந்து வக்கீலாகிப் பெரும்பொருள் ஈட்டினார். 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவராகவும் இருந்தார்.

1916-இல் அவருடைய மனைவி அலமேலு மங்கம்மாள் காலமானார். மூன்று ஆண் மக்கள், இரண்டு பெண் மக்கள் என ஐந்து பிள்ளைகளின் பொறுப்பு ராஜாஜியின்மேல் விழுந்தது. கடைசி மகள் லட்சுமி அப்போது சிறு குழந்தை. ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயில்லாப் பிள்ளைகளுக்குத் தாயாகவும் தந்தையாகவும் இருக்க வேண்டியவர், ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் சிறை சென்று மூன்று மாத காலம் வேலூர்ச் சிறையில் இருந்தார். வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருமானத்தையும் விட்டுச் சிறைக்குப் போவது தந்தைக்கு அழகா என்று அன்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை பின்னாளில்தான் தெரிய வந்தது.

1925 பிப்ரவரி 6-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கப்பட்டது. அவ்வூர் ஜமீன்தார் ரத்தினசபாபதிக் கவுண்டர் அதற்கு நிலம் அளித்தார். ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ. ராமசாமி. சேலத்தில் வசதியாக வாழ்ந்த ராஜாஜி, மகன் நரசிம்மனையும் மகள் லட்சுமியையும் உடன் அழைத்துக்கொண்டு அந்த வறண்ட பூமியில் ஓர் எளிய குடிலில் குடியேறினார்.

அந்த நிலத்தை நம் வாசகர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. மழை பெய்தால் சோளமும் நிலக்கடலையும் விளையும். மழை பொய்த்தால் கிணறும் கைவிடும். ஆசிரமத்தின் தொடக்க ஆண்டுகளில் மழை பொய்த்த காலமும் வந்தது. சுற்றுவட்டாரப் பெண்கள் ராட்டையில் நூற்ற நூலை எடுத்துக்கொண்டு நடந்துவந்து, ஆசிரமத்தில் கொடுத்துக் கூலி பெற்றுச் சென்றார்கள். சில அணாக்களே கிடைத்தாலும் அதைக்கொண்டு வீட்டில் அடுப்பு எரிந்தது. இங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்தனர். அதனால் ஆரம்பத்தில் எதிர்ப்பும் எழுந்தது. ஆசிரமம் பின்வாங்கவில்லை.

இவற்றையெல்லாம் பதினைந்து, பதினாறு வயது மகனும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது மகளும் அன்றாடம் கண்ணால் பார்த்தார்கள். சமத்துவம் என்றால் என்ன என்று ராஜாஜி அவர்களுக்குத் தனியாக வகுப்பு நடத்தினாரோ இல்லையோ, பக்கத்துக் குடிலில் யார் குடியிருந்தார், யாரோடு சேர்ந்து உணவு உண்டோம் என்பதே பாடமாயிற்று.

ஆசிரமத்தின் மற்றொரு பெரும்பணி மதுவிலக்கு. அதற்காக 1929-இல் 'விமோசனம்' என்னும் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. பின்னாளில் கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி ஆசிரமத்தில் தங்கி அப்பத்திரிகைக்காக உழைத்தார். கள்ளுக்கடையில் கூலியைத் தொலைத்துவிட்டு வீடு திரும்பும் தகப்பனும் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்கவே செய்கிறான்; அவன் விட்டுச்செல்வதும் ஒரு பங்குதான். ராஜாஜி முதல் மந்திரியானபின் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டில் விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கும் சட்டமும் நிறைவேறியது. புதுப்பாளையத்துக் குடிலில் கண்ட வறுமையே இவ்விரண்டுக்கும் அடிப்படை என்று கூறினால் மிகையாகாது.

இனி அந்தத் தந்தைக்கும் மகளுக்கும் வந்த சோதனையைப் பார்ப்போம். காந்தியடிகளின் கடைசி மகன் தேவதாஸும் லட்சுமியும் ஒருவரை ஒருவர் விரும்பினர். லட்சுமிக்கு வயது பதினைந்து, தேவதாஸுக்கு இருபத்தெட்டு. இருவரும் வெவ்வேறு மாகாணத்தவர், வெவ்வேறு வகுப்பினர். அக்காலத்தில் இத்தகைய திருமணம் பெரும் கூச்சலை எழுப்பக்கூடியது. தந்தையர் இருவரும் நெருங்கிய நண்பர்கள், நாடறிந்தவர்கள். அவர்கள் உடனே இசையவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஐந்து ஆண்டுகள் ஒருவரை ஒருவர் பாராமல் காத்திருங்கள், அதன்பின்னும் மனம் மாறாதிருந்தால் நடத்திவைப்போம் என்றார்கள்.

அந்த ஐந்து ஆண்டுகள் சாதாரணமானவை அல்ல. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்; சிறை சென்றார். காந்தியடிகளும் சிறையில் இருந்தார். தலைவர்கள் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக நாடே கொந்தளித்தது. வாக்கை மறந்துவிட எத்தனையோ சாக்குகள் இருந்தன. பிள்ளைகள் மறக்கவில்லை, காத்திருந்தார்கள். தந்தையரும் மறக்கவில்லை. 1933 ஜூன் 16-ஆம் தேதி பூனா நகரில், இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் முடித்துத் தளர்ந்திருந்த காந்தியடிகளின் முன்னிலையில் அத்திருமணம் எளிமையாக நடந்தது. வைதிகர்களின் கண்டனத்துக்கு ராஜாஜி அஞ்சவில்லை.

மகளுக்குத் தந்தை விதித்த நிபந்தனை கடுமையானது என்று இன்றைய இளைஞர் சொல்லக்கூடும். சொல்லட்டும். அதில் நாம் கவனிக்கத்தக்கது வேறொன்று. நிபந்தனை பிள்ளைகளை மட்டும் கட்டவில்லை, தந்தையரையும் கட்டியது. தவணை வந்த நாளில், வேறு காரணம் கூறாமல், சொன்னபடி செய்தார்கள். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் தவணையை ஒன்றுபோல் மதிக்கும் வீட்டில்தான் நம்பிக்கை என்பது பிறக்கும்.

காந்தியடிகள் தம் தந்தை கரம்சந்த் காந்தியைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருப்பதும் இங்கே நினைக்கத்தக்கது. பதினைந்து வயதில் அண்ணனின் கைக்காப்பிலிருந்து சிறிது தங்கத்தைத் திருடிய அவர், அதைத் தாளில் எழுதி நோயுற்றுக் கிடந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை படித்தார், கண்ணீர் வடித்தார், தாளைக் கிழித்துப் போட்டார். அடிக்கவில்லை; ஏசவில்லை. அந்தக் கண்ணீர் மகனின் வாழ்நாள் முழுவதும் நிலைத்தது.

இத்தனைக்கும் பிறகு கசப்பான அத்தியாயம் ஒன்றையும் சொல்லியே ஆக வேண்டும். நெசவாளருக்கும் விவசாயிக்கும் மிக நெருக்கமான அத்தியாயம் அது. 1952-இல் மீண்டும் முதலமைச்சரான ராஜாஜி, 1953-இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் நாள்தோறும் மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வார்கள். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள். போதிய பணமும் கட்டடமும் ஆசிரியரும் இல்லாத நிலையில், இரு முறையாகப் பள்ளி நடத்தினால் அதிகமான பிள்ளைகள் படிக்கலாம் என்பது அவர் வாதம். தந்தையின் தறியும் ஏரும் சிறந்த பள்ளிகளே என்றும் அவர் கருதினார்.

நாடு அதை ஏற்கவில்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் கடுமையாக எதிர்த்தனர். புதுப்பாளையத்து ஆசிரமத்தைத் திறந்துவைத்தவரே இப்போது எதிரணியின் முன்னே நின்றார். காங்கிரசுக்குள்ளும் அதிருப்தி வளர்ந்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அவ்வாண்டு ஏப்ரலில் முதலமைச்சரான காமராஜர் மே மாதத்தில் அத்திட்டத்தைக் கைவிட்டார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தவர் காமராஜர். தந்தையின் தொழிலை நம்பியிருக்கும் பிள்ளைக்குத் தந்தையே இல்லாமற்போனால் என்னவாகும் என்பதை அவருக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை. கிராமந்தோறும் பள்ளி திறப்பதிலும், 1956 முதல் பள்ளிகளில் மதிய உணவு அளிப்பதிலும் அவர் முனைந்தார்.

இந்த வழக்கில் தீர்ப்பு என்ன? தந்தையின் அருகில் அமர்ந்து தொழிலைக் கற்பது இழிவா என்றால், இல்லை. தறியின் நுட்பத்தையும் மண்ணின் பதத்தையும் எந்தப் புத்தகமும் முழுவதும் கற்பித்துவிடாது. ஆனால் பிறந்த வீட்டைக்கொண்டு பிள்ளையின் தொழிலை அரசாங்கம் நிச்சயிக்கத் தொடங்கினால், பாடம் விலங்காகிவிடும். நகரத்துப் பிள்ளைக்கு முழு நேரம், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நேரம் என்றால் அந்த விலங்கு இன்னும் கனக்கும். தொரப்பள்ளி முன்சீப் தம் மகனுக்குத் திறந்துவைத்த கதவு பெரியது. அந்தக் கதவே எல்லாப் பிள்ளைகளுக்கும் வேண்டும் என்று நாடு கேட்டது. அவ்வளவுதான்.

'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' என்று பழமொழி சொல்லுகிறோம். நூல் நல்லதாக இருந்தால் சேலை உழைக்கும் என்பது மெய்யே. ஆனால் அதே நூலில் எந்தக் கரை, எந்தக் கட்டம் போடுவது என்பதை நெய்கிறவர் அல்லவா தீர்மானிக்கிறார்? ராஜாஜியின் மகன் சி.ஆர். நரசிம்மன் கிருஷ்ணகிரித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக வென்று, 1952 முதல் 1962 வரை மக்களவை உறுப்பினராக இருந்தார். அதற்கிடையே 1959-இல் தந்தை காங்கிரசை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். நூல் ஒன்றுதான், கரை வேறு.

என் தந்தையாரைப் பற்றியும் சில வரிகள் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். அவர் கைத்தறி நெசவாளர். ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் சாதாரண அங்கத்தினர். என்னைக் குழித்தறியில் உட்காரவைத்து நாடா எறியக் கற்பித்தவரும் அவரே. விடியுமுன் எழுப்பிப் படிக்கச் சொன்னவரும் அவரே. எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பாவு அறுத்தபின் எஞ்சிய நூலைத் துண்டுகூட விடாமல் சேர்த்து, துணியுடன் சங்கத்துக்கு எடுத்துச் செல்வார். "கண்ணு, இது நம்ம வீட்டு நூலில்லை, நாலு பேர் நூல்" என்பார். அதற்குமேல் விளக்கம் தந்ததாக நினைவில்லை. அவர் மறைந்தபின் பங்குத்தொகை முறைப்படி என் தாயாருக்கு வந்தது. 'நாலு பேர் நூல்' என்ற சொல் எனக்கு வந்தது. ஒரு சங்கத்தின் இருப்புப் புத்தகத்தை விரிக்கும்போதெல்லாம் அச்சொல் என் காதில் விழுகிறது. என் கல்லூரிப் படிப்பு தந்த அறிவைவிட என் உத்தியோகத்துக்கு அதிகம் பயன்பட்டது அதுவே.

இது நெசவாளர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பல பேருக்குப் பொதுவான கிணறுகள் நம் பக்கத்தில் உண்டு. தம் முறை முடிந்ததும் மடையை அடைத்துவிட்டு அடுத்தவருக்குத் தண்ணீரை விடுகிற தந்தையின் பிள்ளைக்குக் கூட்டுறவுத் தத்துவத்தை எவரும் போதிக்க வேண்டியதில்லை. நாழிகை கடந்தும் மடையைத் திறந்துவைக்கும் தந்தையின் பிள்ளைக்கு எத்தனை முறை போதித்தாலும் பயனில்லை. பயிர்க்கடன் தவணைக்கு முன்னரே பணத்தை முடிந்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவர், பின்னாளில் நிர்வாகக் குழுவுக்கு வந்தால் சங்கத்தின் பணத்தையும் அப்படியே காப்பார். நல்ல சங்கம் எது, நலிந்த சங்கம் எது என்று ஆராய்ந்தால், சட்ட விதிகளுக்கு அடியில் இத்தகைய வீடுகளின் பழக்கமே அஸ்திவாரமாக இருப்பதைக் காணலாம்.

இன்று நம் இளைஞர்கள் பலர் தறியையும் வயலையும் விட்டு வேறு வேலைக்குச் செல்கிறார்கள். விசைத்தறிக் கூடத்துக்கும், லாரித் தொழிலுக்கும், தொலைதூர நகரங்களின் அலுவலகங்களுக்கும் போகிறார்கள். தந்தையின் தொழில் தந்தையோடு போகிறதே என்று வருந்தும் பெரியவர்களை நான் சந்திக்கிறேன். அவர்கள் வருத்தத்தை நான் அற்பமாக எண்ணவில்லை. தறிக்குழி தூர்ந்துபோவதைக் காண்பது எளிதன்று. ஆயினும் தொழில் போனால் எல்லாம் போயிற்று என்று கலங்க வேண்டியதில்லை. அளவு தவறாமை, வாக்குத் தவறாமை, பொதுப் பொருளில் அச்சம் ஆகிய மூன்றும் எந்த வேலைக்கும் உடன் செல்லும். தொழிலைத் தொடர விரும்பும் பிள்ளைக்குத் தொழிலும் இருக்கட்டும். அதற்கு உரிய கூலியும் மரியாதையும் கிடைக்கச் செய்வது சங்கத்தின் கடமை. கூலி கட்டாத தொழிலில் பிள்ளையை இருத்திவைத்து, அதற்குப் பரம்பரை என்று பெயரிடுவது நியாயமாகாது.

முடிவாக நம் அங்கத்தினர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நியமனப் பதிவேட்டில் உங்கள் நியமனதாரரின் பெயர் இருக்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். பழைய பெயராக இருந்தால் மாற்றுங்கள். பாசமுள்ள தந்தை, தம் பிள்ளையை அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலையவிடலாகாது. இரண்டாவது, இரங்கல் தீர்மானத்தில் பெயரை மட்டும் வாசித்து அமர்ந்துவிடாமல், காலமான ஒவ்வொருவரிடமும் நாம் கற்றது இன்னதென்று ஒரு வாக்கியமேனும் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பெரிய புகழுரை வேண்டாம். இருபது ஆண்டுகளில் ஒரு தவணைகூடத் தவறாதவர் என்று எழுதினால் போதும். பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.

மூன்றாவது, அடுத்த பேரவைக் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் மகனையோ மகளையோ அழைத்து வாருங்கள். வாசலில் நிறுத்திவிடாமல், கணக்கு வாசிக்கும்போது பார்வையாளராக அருகில் உட்காரவையுங்கள். ஒரு ரூபாய்க்கும் நீங்கள் எழுந்து கேள்வி கேட்பதை அவர்கள் பார்க்கட்டும்.